கூடம் உண்மையிலேயே கோணல்தான்: ஸ்பீக்கர் அமைப்புச் சேவை ஒன்றின் மதிப்புரை

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழியை ஒலிபெருக்கிகள் விஷயத்தில் நான் இனி வாயெடுத்துச் சொல்ல மாட்டேன். உயர்தர ஸ்பீக்கர் இணை ஒன்றை வாங்கி, மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டி, ஆம்ப்ளிஃபையரைச் சந்தேகித்து, கேபிளைச் சந்தேகித்து, கடைசியில் ஸ்பீக்கரையே விற்றுவிடலாமா என்ற எண்ணம் வரை போன பிறகுதான், வீட்டுக்கே வந்து ஸ்பீக்கர்களுக்கு இடம் பார்த்து நிறுத்தி, அறைக்கேற்ப ஒலியைச் சீராக்கித் தரும் தனி வல்லுநர் ஒருவரை அழைத்தேன். அவர் ஒன்றரை நாள் வேலை செய்தார். அந்த ஒன்றரை நாளையும், அதன் பிறகு ஆறு வாரம் கேட்ட அனுபவத்தையும் வைத்து இதை எழுதுகிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது: கோணல் கூடத்தில்தான் இருந்தது, அதை அவர் பெருமளவு நிமிர்த்தினார், ஆனால் கடைசி மூன்று மணி நேர வேலையிலும், கையில் கொடுத்த அறிக்கையிலும் எனக்கு மனக்குறை உண்டு.

என்னிடம் இருப்பவை தரையில் நிற்கும் மூவழி ஸ்பீக்கர்கள்: தாழ்ந்த ஒலியான பேஸுக்கு வூஃபர், நடு ஒலிக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ட்வீட்டர். பின்பக்கம் காற்றுத்துளை கொண்டவை. ஒவ்வொன்றும் 48 கிலோ எடை. விற்றவர்கள் அனுப்பிய ஆட்கள் இருவர் பெட்டியைப் பிரித்து, இரண்டையும் பின்சுவரிலிருந்து 60 செ.மீ., பக்கச்சுவரிலிருந்தும் அதே 60 செ.மீ. தள்ளி நிறுத்தி, வயரைச் செருகி, ஒரு பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டு நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிட்டார்கள். என் சோபா எதிர்ச்சுவரில் முதுகைச் சாய்த்து நின்றது. அன்று முதல் சில இசைத்தட்டுகளில் பேஸ் வீங்கியது, சிலவற்றில் காணாமல் போனது. பாடுபவரின் குரல் ஓரிடத்தில் நிற்காமல் அறை முழுக்கப் பரவிக் கிடந்தது. இந்தப் பரவலை நான் ‘விசாலமான ஒலி’ என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்.

வந்தவரின் பையில் லேசர் தூரமானி, சாய்வுமானி, மாஸ்கிங் டேப், முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அளவீட்டு மைக், மடிக்கணினி ஆகியவை இருந்தன. விற்பதற்கென்று கேபிளோ, ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் கூம்புகளோ எதுவும் இல்லை. அதற்கே நான் மனத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டேன். முதல் அரை மணி நேரம் அவர் எதையும் நகர்த்தவில்லை. இரண்டு ஸ்பீக்கர்களிலும் ஒரே ஒலி வரும் பழைய மோனோ பதிவு ஒன்றில் ஒற்றைக் குரலை ஒலிக்கவிட்டு, சோபாவில் அமர்ந்து, எழுந்து, இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவில் நின்று கேட்டார். பிறகு திரும்பி, “எத்தனை நாளா சார் இப்படிக் கேட்டுக்கிட்டிருக்கீங்க?” என்றார். ஆம்ப்ளிஃபையரை அணைத்து, அதன் பின்புறமிருந்து வயர்களைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை எடுத்து, சிவப்பு முனைக்குப் பிளஸ், கறுப்பு முனைக்கு மைனஸ் என்று ஒரு கணம் தொட்டுக் காட்டினார். இடப்பக்க வூஃபரின் கூம்பு முன்னால் வந்தது. வலப்பக்கம் தொட்டபோது கூம்பு உள்ளே போனது. ஸ்பீக்கரின் பின்னால் குனிந்து பார்த்தால், வலப்பக்கத்தில் பிளஸும் மைனஸும் மாறிச் செருகியிருந்தன. ஒரு ஸ்பீக்கர் காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்தால், இரண்டுக்கும் பொதுவான பேஸ் நடுவில் அடித்துக்கொண்டு செத்துவிடும். நடுவில் நிற்க வேண்டிய குரல் நிற்க இடமில்லாமல் சிதறும். மூன்று மாதம் நான் ரசித்த விசாலம் இதுதான். வயரை மாற்றிச் செருகியதும் அதே மோனோக் குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே ஆணி அடித்தாற்போல் நின்றது. வேலை அத்துடன் முடிந்திருந்தால்கூட நான் திருப்தியோடு பணத்தைக் கொடுத்திருப்பேன்.

ஆனால் பேஸ் வீக்கம் போகவில்லை. சொல்லப்போனால், இப்போது இரண்டு வூஃபர்களும் ஒத்துழைத்ததால் கூடிவிட்டது. இங்கேதான் அறை வருகிறது. என் அறை 5.4 மீட்டர் நீளம், 3.9 மீட்டர் அகலம், 2.9 மீட்டர் உயரம். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் போகிறது; அந்த எண்ணை அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால் 32 ஹெர்ட்ஸ் வரும். அந்த அதிர்வெண்ணிலும் அதன் மடங்குகளிலும் ஒலி முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையே, சில இடங்களில் வீங்கியும் சில இடங்களில் மறைந்தும், நிலையலையாக நின்றுவிடுகிறது. நீளத்தின் இரண்டாவது நிலையலை 64 ஹெர்ட்ஸ் அருகே விழுகிறது. தரைக்கும் கூரைக்கும் இடையிலான முதல் நிலையலை 59 ஹெர்ட்ஸ். இரண்டும் தோளோடு தோள் நிற்பதால் 60 ஹெர்ட்ஸ் வட்டாரமே ஒரு மேடாகிவிட்டது. டபுள் பேஸ் வாத்தியம் படிப்படியாக இறங்கும் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டினார். மற்ற சுரங்கள் ஒழுங்காக நடந்து வர, 62 ஹெர்ட்ஸில் அமையும் ஒரே ஒரு சுரம் மட்டும் அறையையே தோளில் தூக்கிக்கொண்டு வந்தது. அதுவரை அதை வாசித்தவரின் கை அழுத்தம் என்று நினைத்திருந்தேன்.

இத்தகைய அறையில் ஏறத்தாழ 170 ஹெர்ட்ஸுக்குக் கீழே நாம் கேட்பதில் ஸ்பீக்கரின் பங்கைவிட அறையின் பங்குதான் பெரிது. இந்த எல்லையை அறையின் கன அளவையும், ஒலி அடங்க எடுத்துக்கொள்ளும் எதிர்முழக்க நேரத்தையும் கொண்டு கணக்கிடும் வழியைத் தந்தவர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர். இத்துறையில் இன்றும் அந்த எல்லைக்கு அவர் பெயர்தான். எந்த விலைக்கு ஸ்பீக்கர் வாங்கினாலும் இந்த எல்லைக்குக் கீழே சுவர்கள் பேசுவதை நிறுத்தப்போவதில்லை என்பதால், முதலில் காதையும் ஸ்பீக்கரையும் சுவர்களோடு சமரசம் செய்துவைக்க வேண்டும் என்பது என் வீட்டுக்கு வந்த வல்லுநரின் வேலைமுறை. என் பார்வையில் இந்தச் சேவையின் உண்மையான மதிப்பு அந்த வரிசையில்தான் இருக்கிறது: முதலில் இருக்கை, அடுத்து பேஸுக்காக ஸ்பீக்கரின் இடம், பிறகு குரலுக்காக இடைவெளியும் கோணமும், அதன் பிறகு சுவர்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் மின்னணுத் திருத்தம். நான் மூன்று மாதமாக இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன்.

இருக்கைக்கு அதிக நேரம் ஆகவில்லை. சுவரோரம் நீளவாட்டு நிலையலைகள் எல்லாவற்றுக்கும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அங்கே சோபாவைப் போட்டு உட்கார்வது, கோயில் மணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு நாதம் கேட்பதற்குச் சமம். அறையின் சரிபாதியில் உட்கார்ந்தாலோ 32 ஹெர்ட்ஸ் அடியோடு மறைந்துவிடும். நீளத்தில் 38 விழுக்காட்டுத் தொலைவு என்பது இத்துறையில் பலரும் தொடங்கும் புள்ளி. அவரும் அங்கேயே தொடங்கி, சோபாவுக்குப் பின்னாலுள்ள சுவரிலிருந்து காது 2.05 மீட்டரில் இருக்கும்படி சோபாவை இழுத்துப் போட்டார். அந்த ஒரே நகர்த்தலில் 60 ஹெர்ட்ஸ் மேடு 12 டெசிபெலிலிருந்து 9-க்கு இறங்கியது. அதைவிட முக்கியமாக, அடிவயிற்றில் உருண்டுகொண்டிருந்த 32 ஹெர்ட்ஸ் அடங்கியது. சோபாவுக்குப் பின்னால் இப்போது ஓர் ஆள் படுத்துத் தூங்கும் அளவுக்கு வெற்றிடம். அதைப் பார்த்து வீட்டில் எழுந்த கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதப்போவதில்லை.

ஸ்பீக்கர்களின் இடத்துக்குத்தான் முதல் நாளின் பெரும்பகுதி போனது. அது போக வேண்டிய நேரமும்கூட. அடியில் தடித்த கம்பளித் துண்டுகளை விரித்து, 48 கிலோவை ஒரு கையால் தள்ளும்படி செய்துகொண்டு, ஐந்து ஐந்து சென்டிமீட்டராக முன்னால் கொண்டுவந்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தரையில் டேப் ஒட்டித் தூரத்தை எழுதினார். மைக்கை என் காது இருக்கும் இடத்தில் வைத்து 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஏறும் சோதனை ஒலியை ஓடவிட்டார். அதன் பிறகு நான் ஒரு நிமிடம் இசை கேட்டு, பிடித்ததா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். வரைபடத்தை எனக்குக் காட்டவே இல்லை. கண் பார்த்துவிட்டால் காது பொய் சொல்லும் என்பது அவர் கட்சி. அதை ஏற்கிறேன்.

ஸ்பீக்கரின் பின்சுவர் செய்யும் கெடுதல் எளிய கணக்குதான். வூஃபரிலிருந்து பின்னால் போன பேஸ் சுவரில் பட்டுத் திரும்பி வரும்போது, நேராக வரும் ஒலியைவிட அரை அலைநீளம் பிந்தி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். சுவருக்கு 60 செ.மீ. தூரமென்றால் இந்தப் பள்ளம் 143 ஹெர்ட்ஸ் அருகே வரும். ஆண் குரலின் நெஞ்சுப்பகுதி அங்கேதான் இருக்கிறது. பக்கச்சுவரும் அதே 60 செ.மீ. என்றால், இரண்டு பள்ளங்களும் அருகருகே விழுந்து ஒன்றையொன்று ஆழப்படுத்தும். முதலில் வந்தவர்கள் பார்வைக்குச் சமச்சீராக இருக்கட்டும் என்று செய்த காரியம், ஒரு குரலின் மார்பைக் குடைந்துவிட்டது. பின்சுவருக்கு 1.05 மீட்டர், பக்கச்சுவருக்கு 90 செ.மீ. என்று பிரித்ததும் பின்சுவரின் பள்ளம் 82 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, குரலை விட்டு விலகியது. இதில் இன்னொரு ஆதாயமும் கிடைத்தது. நீளத்தில் கால்பங்கு, அதாவது 1.35 மீட்டர், 64 ஹெர்ட்ஸ் நிலையலையின் வெற்றுப்புள்ளி; அங்கே நிற்கும் வூஃபரால் அந்த அலையைத் தூண்ட முடியாது. 60 செ.மீ.யிலிருந்து 1.05 மீட்டர் வந்ததே அந்தப் புள்ளியை நெருங்கியதாகிவிட்டதால், மேடு 5 டெசிபெலுக்கு வந்தது. 1.25 வரை போகலாம் என்றார். சுவர் அலமாரியின் கதவு இடித்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம்.

இரண்டாம் நாள் காலை கோண வேலை. அவர் செய்த வேலைகளிலேயே நான் கண் இமைக்காமல் பார்த்தது இதுதான். முதலில் ட்வீட்டரிலிருந்து இருக்கைக்கு உள்ள தூரத்தை லேசரால் இருபுறமும் அளந்தார். முந்தின நாள் டேப்பை நம்பி நிறுத்தியதில் 1.7 செ.மீ. வேறுபாடு இருந்தது. “இது ஒரு பொருட்டா?” என்று கேட்டேன். 10,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 3.4 செ.மீ. என்றும், நான் அற்பம் என்று நினைக்கும் தூரம் அதில் சரிபாதி என்றும் பொறுமையாகப் பதில் சொல்லி, அதை 3 மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்தார். பிறகு பெட்டிகளை உள்நோக்கித் திருப்பத் தொடங்கினார். ஸ்பீக்கர் என் முகத்தை நேராகப் பார்த்தபோது குரல் கூர்மையாக, ஆனால் அளவில் சுருங்கி, கொஞ்சம் கத்தலாக இருந்தது. நேராக முன்னால் பார்த்தபோது மேடை அகன்றது, நடு கலைந்தது. இரண்டு ஸ்பீக்கர்களின் நேர்க்கோடுகளும் என் தலைக்குப் பின்னால் சுமார் 40 செ.மீ.யில் சந்திக்கும்படி வைத்ததில் இரண்டும் கைக்கு வந்தன. அந்த இறுதிக் கட்டத்தில் பெட்டியின் பின்மூலையை அவர் நகர்த்தியது 5 மில்லிமீட்டர், 30 செ.மீ. அகலப் பெட்டியில் அது ஏறத்தாழ ஒரு பாகை. இருக்கையில் அந்தக் கோடு 4 செ.மீ.க்கு மேல் நகரும். கட்டைவிரலால் பெட்டியை ஒரு தட்டுத் தட்டினார், வீணையின் மீட்டு ஒலி தந்தி இருக்கும் இடத்துக்கே போய் உட்கார்ந்தது. இதைக் காதால் கேட்டிராவிட்டால் நானும் நம்பியிருக்க மாட்டேன். பெட்டியின் கூர்முனைக் கால்களான ஸ்பைக்குகளில் பின்பக்கத்தவற்றை அரைத் திருகு ஏற்றி, ட்வீட்டரின் அச்சு என் காதின் உயரமான 96 செ.மீ.க்கு வரும்படி சற்றே முன்னால் சாய்த்தபோது கிடைத்த மாற்றம் இதைவிடச் சிறியது. அது இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

சுவர்களுக்கு வருவோம். நடுவில் நின்று ஒரு முறை கைதட்டியதும், தட்டு முடிந்த பின்னும் வெறும் பக்கச்சுவர்களுக்கிடையே ‘ட்ர்ர்’ என்று ஓர் ஒலி ஓடியது. நான் சோபாவில் அமர, அவர் கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே வந்தார். எந்த இடத்தில் கண்ணாடிக்குள் ட்வீட்டர் எனக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் முதல் எதிரொலி பட்டுத் திரும்புகிறது. வலப்பக்கம் அந்த இடம் சன்னல் கண்ணாடி, இடப்பக்கம் புத்தக அலமாரி. குரல் எப்போதும் வலப்பக்கம் ஓர் அங்குலம் சாய்ந்தே நின்றதற்குக் காரணம் பிடிபட்டது. சன்னலுக்கு முன்னால் காலில் நிற்கும், ஒலியை உறிஞ்சும் பாறைக்கம்பளிப் பலகை ஒன்று, 10 செ.மீ. தடிமன், பின்னால் இன்னொரு 10 செ.மீ. காற்றிடைவெளி, இடப்பக்கம் அலமாரியே போதும், நூல்களைச் சமமில்லாமல் அடுக்குங்கள் என்றார். சோபாவின் பின்சுவருக்கு இன்னும் இரண்டு பலகைகள். எதிர்முழக்க நேரம் 0.7 நொடியிலிருந்து 0.45-க்கு வந்தது. நான் ஆர்வக்கோளாறில் கூரைக்கும் ஒன்று கேட்டேன்; அறையைக் கொன்றுவிடாதீர்கள் என்று மறுத்துவிட்டார். விற்கும் வாய்ப்பை வேண்டாமென்று சொல்லும் தொழில்காரரைக் குறித்துவைக்க வேண்டியது என் கடமை.

இந்த வேலைக்குப் பழைய மரபு ஒன்று உண்டு. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேச்சே புரியாதபடி முழங்கிய விரிவுரைக் கூடம் ஒன்றைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் வந்தது. அவர் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, ஆர்கன் குழல் ஒன்றை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தைக் கடிகாரத்தால் அளந்தார். அறை ஒலியியலின் அடிப்படைச் சமன்பாடு அந்த மெத்தைகளிலிருந்து பிறந்தது. என் வீட்டில் பலகைகளைத் தூக்கிக்கொண்டு நடந்தவரைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

இதுவரை பாராட்டு. கடைசிக் கட்டமான மின்னணுத் திருத்தத்தில்தான் எனக்கு வருத்தம். அவர் பயன்படுத்தியவை மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 மைக்கும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளும். இரண்டும் நம்பத் தகுந்தவை, மைக்கின் ஒவ்வொரு பிரதிக்கும் அதற்கென்றே அளவுத்திருத்தக் கோப்பு உண்டு. கருவியில் குறையில்லை. ஆனால் களைப்போ அவசரமோ, இவ்வளவு நேரம் 5 மில்லிமீட்டருக்காக மெனக்கெட்டவர், இப்போது குறிப்பிட்ட அதிர்வெண்களைக் கூட்டவோ குறைக்கவோ மென்பொருள் தானாகப் போட்டுக்கொடுத்த வடிகட்டிகளை 20,000 ஹெர்ட்ஸ் வரை அப்படியே ஏற்றிவிட்டார். வரைபடம் சலவை செய்து தேய்த்த வேட்டிபோல மடிப்பில்லாமல் இருந்தது. பாடகியின் குரலில் மூச்சு போய்விட்டது. மேல் அதிர்வெண்களில் மைக் பார்ப்பது நேரொலியும் எதிரொலியும் கலந்த கூட்டுத்தொகை. காது அவற்றைப் பிரித்துக் கேட்கிறது. நல்ல ஸ்பீக்கரின் நேரொலி ஏற்கெனவே சீராக இருக்கும்போது, அறையின் கூட்டுத்தொகையை நேராக்கப் போய் நேரொலியைக் கோணலாக்கிவிடுகிறோம். 82 ஹெர்ட்ஸ் பள்ளத்தை 8 டெசிபெல் உயர்த்தியிருந்ததும் வீண்: 8 டெசிபெல் என்பது ஆம்ப்ளிஃபையரிடம் ஆறு மடங்குத் திறனுக்கு மேல் கேட்பது, கூட்டிக் கொடுத்த ஒலியையும் சுவர் அதே அளவில் திருப்பி அனுப்பித் தின்றுவிடுகிறது.

நான் சொன்னபோது அவர் முகம் சுளிக்கவில்லை, ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவும் இல்லை. திருத்தம் உள்ளபடியும் இல்லாதபடியும் ஒலி அளவைச் சமப்படுத்தி, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஆறில் ஐந்து முறை, இருவருமே திருத்தமில்லாததைத் தேர்ந்தோம். பிறகு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, 60 ஹெர்ட்ஸ் மேட்டுக்கு 5 டெசிபெல் தணிப்பு, 120 அருகே ஒரு சிறு தணிப்பு என்று இரண்டே வடிகட்டிகளோடு நிறுத்தினார். டபுள் பேஸின் அந்த ஒற்றைச் சுரம் இப்போது வரிசையில் நின்று வருகிறது. எனக்கு இவ்வளவாவது தெரிந்திருந்ததால் தப்பித்தேன். தெரியாத ஒருவர் வீட்டில் அந்தச் சலவை வேட்டியே நிரந்தரமாகியிருக்கும் என்பதுதான் என் குறை.

இரண்டாவது குறை அறிக்கை. ஒன்றரை நாள் அளந்ததற்கு எனக்குக் கிடைத்தவை நான்கு வரைபடப் படங்கள் மட்டும். மூல அளவீட்டுக் கோப்புகளும், ஸ்பீக்கர், இருக்கை, கோணம் எல்லாவற்றின் தூரங்களும் எழுதிய தாளும் இந்தச் சேவையின் பகுதியாகவே வர வேண்டும்; மூன்று முறை நினைவூட்டி வாங்க வேண்டியிருந்தது. தரையில் ஒட்டிய டேப் ஒரு மாதத்தில் உரியத் தொடங்கிவிட்டது. தூரங்கள் கையில் இல்லாமல் யாராவது ஒரு ஸ்பீக்கரை இடித்து நகர்த்தியிருந்தால் எல்லாம் போயிருக்கும்.

சிறிய மேசை ஸ்பீக்கர்களை மூன்றடி தூரத்தில் வைத்துக் கேட்பவர்களுக்கு இந்தச் சேவை தேவையில்லை. ஒரு கண்ணாடியும், மோனோ பதிவும், ஓர் ஓய்வுநாளும் இருந்தால் அவர்களே பார்த்துக்கொள்ளலாம். சோபாவைச் சுவரைவிட்டு நகர்த்தவே முடியாத அறை என்றாலும் அழைப்பதற்கு முன் யோசியுங்கள். பெரும்பாதிப் பலன் அங்கேயே போய்விடும். ஆனால் தரையில் நிற்கும் பெரிய ஸ்பீக்கர்களை வாங்கிவிட்டு, அடுத்து எந்தக் கேபிள் என்று தேடிக்கொண்டிருப்பவர்கள், அந்தப் பணத்தை இதில் போடலாம். கடைசியாகத் திருத்தம் செய்யும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

82 ஹெர்ட்ஸ் பள்ளம் இன்னும் இருக்கிறது. மிருதங்கத்தின் பேஸ் பக்கமான தொப்பியில் எழும் கும்கி நாதம், நான் நேரில் கேட்டுப் பழகியதைவிடச் சற்று மெலிந்தே வருகிறது. ஸ்பீக்கர்கள் இன்னும் 20 செ.மீ. முன்னால் வந்தால் பள்ளம் 69 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, எஞ்சியிருக்கும் 60 ஹெர்ட்ஸ் மேட்டையும் கொஞ்சம் தின்றுவிடும், அந்த வடிகட்டிகூடத் தேவைப்படாமல் போகலாம் என்று கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போனார். அலமாரிக் கதவைக் கழற்றிவிட்டுத் திரை போடலாமா என்று நேற்று கீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.